கர்ணன் விழும்போது ஏன் சிரிக்கிறார்கள்? (மேடையும் சாவும்)

திரைச்சீலை எழுதியது:

வணக்கம். சென்னையில் வேலை முடிந்து மாலையில் கூடி ஒத்திகை பார்க்கும் சிறிய குழு எங்களுடையது. பாரதப் போரின் பதினேழாம் நாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். தேர்ச்சக்கரம் புதைகிறது, அம்பு பாய்கிறது, கர்ணன் விழுகிறான். சிக்கல் இந்த இடத்தில்தான். முன்னோட்டம் பார்க்க அழைத்திருந்த நண்பர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காகப் பிறகு வருத்தமும் தெரிவித்தார்கள். அது இன்னும் மோசம்.

நடிகர் நன்றாகவே நடிக்கிறார். ஆனால் விழுந்த பிறகு அவருடைய வயிறு ஏறி இறங்குவது மூன்றாவது வரிசைவரை தெரிகிறது. விளக்கை அணைத்துப் பார்த்தோம், தப்பித்து ஓடுவதுபோல் இருந்தது. மெதுவாக விழச் சொன்னோம், அது இன்னும் செயற்கை. திரைப்படத்தில் வெட்டி ஒட்டிக் காட்டிவிடலாம். மேடையில் சாவைக் காட்டுவது நடக்கிற காரியம்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நடக்கிற காரியம் இல்லை என்றுதான் பழைய ஆட்கள் பலரும் முடிவு செய்திருக்கிறார்கள். பரதரின் நாட்டிய சாத்திரம் நாடகத்தின் அங்கத்துக்குள் சாவைக் காட்டாதே என்கிறது. நடந்ததை யாராவது வந்து சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறது. கிரேக்கர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அவர்களுடைய துன்பியல் நாடகங்களில் கொலை எல்லாம் அரண்மனைக் கதவுக்குப் பின்னால் நடக்கும். உள்ளிருந்து ஓர் அலறல் கேட்கும். பிறகு தூதன் வந்து ஐம்பது அறுபது வரிகளில் எல்லாவற்றையும் விவரிப்பான். கதவைத் திறந்து, சக்கரம் வைத்த பலகையில் பிணத்தைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சாவு நிகழ்வதைக் காட்டமாட்டார்கள், அது விட்டுச்சென்றதைக் காட்டுவார்கள்.

இதற்கு மிகவும் நடைமுறையான காரணம் ஒன்றையும் சொல்வதுண்டு. அவர்களுக்குப் பேசும் நடிகர்கள் மூன்றே பேர். செத்தவன் மேடையிலேயே கிடந்தால் அடுத்த முகமூடியை யார் மாட்டிக்கொள்வது?

விதிவிலக்குகள் உண்டு. சோஃபக்ளிஸின் அயாக்ஸ் தன் வாள்மேல் தானே விழுகிறான். அது பார்வையாளர் கண்முன்னேயே நடந்திருக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் ஊருபங்கம். தொடை உடைந்த துரியோதனன் மேடையிலேயே உயிர்விடுகிறான். அதில் ஓர் இடம் வரும். சிறுவன் துர்ஜயன் அப்பாவின் மடியில் ஏறி உட்கார வருகிறான். உட்கார மடி இல்லை. தகப்பன் அதை மகனுக்கு எப்படிச் சொல்வான்? சாவைவிட அந்த இடம்தான் நெஞ்சை அறுக்கும்.

ஒரு கூடுதல் தகவல்: நெடுங்காலம் பெயர் மட்டுமே தெரிந்திருந்த பாசனின் நாடகங்கள் என்று கருதப்படும் ஏடுகளை கணபதி சாஸ்திரி கண்டெடுத்தது பத்மநாபபுரம் அருகே மணலிக்கரையில். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சாகி வெளிவந்தன.

கட்டியங்காரன் எழுதியது:

சுரைக்காய் ஐயா, பரதர் சொன்னதைச் சொன்னீர்கள், சோஃபக்ளிஸ் சொன்னதைச் சொன்னீர்கள். கேள்வி கர்ணனைப் பற்றியது. செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்தில் வந்து கேட்டிருந்தால் எந்த வீட்டுத் திண்ணையிலும் பதில் கிடைத்திருக்கும். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத்தான் கர்ணனையே கூப்பிடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் நிறைவாழ்வு வாழ்ந்து போய்ச் சேர்ந்தால், காரியத்து அன்று இரவு "கர்ண மோட்சம்" கூத்து வைப்பது வட மாவட்டங்களில் வழக்கம். வசதி இருக்கும் வீடுகளில் இன்றும் வைக்கிறார்கள். ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, தாம்பூலம் வைத்து ஏற்பாடு செய்வார்கள். இரவு பத்து மணிக்குமேல் மத்தளம் தட்டினால் விடியும்வரை. போனவருடைய படம் மாலையோடு நாற்காலியில் இருக்கும். சொந்தபந்தம் எல்லாம் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். துக்கத்துக்கு வந்த குழந்தைகள் நடுவிலேயே தூங்கிவிடும்.

கூத்தில் கர்ணன் சட்டென்று சாவதில்லை. முதலில் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வேண்டும். அவள் இவனைக் குலம் தெரியாதவன் என்று ஏசுவாள். இரவின் பெரும்பகுதி அந்த வழக்கிலேயே போகும். அதன்பிறகு போர்க்களம், சல்லியனோடு பேச்சு, அருச்சுனனோடு சண்டை. அம்பு பாய்ந்த பிறகும் உயிர் போகாது. செய்த தருமம் காத்து நிற்கிறது. கண்ணன் கிழப் பார்ப்பனனாக வந்து அந்தப் புண்ணியத்தையே தானமாகக் கேட்கிறான். இவன் இரத்தத்தையே நீராக வார்த்துக் கொடுக்கிறான். என்ன வரம் வேண்டும் என்றால், இன்னும் பிறவி இருந்தால் இல்லை என்பவர்க்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான். இது வில்லிபாரதத்திலேயே இருப்பதுதான். அப்புறம் குந்தி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, என் மகனே என்று ஊரறியக் கதறுகிறாள்.

இதெல்லாம் முடிய விடியற்காலை ஆகிவிடும். சூரியனின் மகன் விழும் நேரத்துக்குக் கிழக்கு வெளுத்திருக்கும். அப்போது நடிகனின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று எவனும் பார்க்கமாட்டான். அவரவர் தன் வீட்டுப் பிணத்தை நினைத்து அழுதுகொண்டிருப்பார்கள்.

உங்கள் கர்ணன் எத்தனை நிமிடத்தில் சாகிறான், தம்பி?

திரைச்சீலை எழுதியது:

அம்பு பட்டதிலிருந்து விளக்கு அணையும்வரை இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பார்வையாளரின் பொறுமையை எண்ணித்தான் குறைத்தோம்.

கட்டியங்காரன் எழுதியது:

கோழியை அறுத்தால்கூட அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

கட்டியங்காரன் அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வது சடங்கு. சடங்கில் யாரும் சிரிக்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கே முதலிலேயே ஒரு சாவு நடந்திருக்கிறது. அழ வந்த கூட்டம் அழுகிறது. திரைச்சீலை நண்பரின் பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கி, குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நாஞ்சில் கரை எழுதியது:

சடங்கு, நாடகம் என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதா? எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொடை விழாவில் பாடப்படும் கதைகளில் பாதி, அகாலத்தில் கொல்லப்பட்டவர்களின் கதை. வேறு சாதிப் பெண்களை மணந்து, கடைசியில் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த முத்துப்பட்டனைப் போல. கொலையுண்டவர்கள்தான் பீடத்தில் தெய்வமாக நிற்கிறார்கள்.

பிறப்பு, வளர்ப்பு, காதல் என்று புலவர் நிதானமாகப் பாடிக்கொண்டு போவார். கூட்டமும் பாதிக் கவனத்தில் இருக்கும். கடலை விற்பவன் நடுவில் நடப்பான். சாவு நெருங்க நெருங்க வில்லின் வேகம் ஏறும், குடத்தின் அடி மாறும். வெட்டு விழும் வரியில் சாமியாடிக்கு அருள் வந்துவிடும். செத்த கணத்தில் செத்தவனே எழுந்து ஆடுகிறான். அங்கே யாரும் சாவை நடிப்பதில்லை. பாடகர் உட்கார்ந்த இடத்திலிருந்து அசைவதே இல்லை. விழவேண்டியவன் விழவில்லை, மாறாக எழுகிறான்.

இதைச் சென்னை அரங்கில் செய்யச் சொல்லவில்லை. சாவு என்றால் விழுவது என்று ஏன் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

சத்தமில்லாதவன் எழுதியது:

பரதரின் தடையைப் பற்றி ஒன்று. அதைக் கேரளத்துக்காரர்கள் எப்போதோ காற்றில் விட்டுவிட்டார்கள். கதகளியில் துரியோதன வதம் பாருங்கள். ரௌத்திர பீமன் துச்சாதனனின் குடலை உருவி வெளியே இழுப்பான். சிவப்பு வழியும். பார்க்கிறவர்கள் யாரும் சிரித்ததில்லை. பாணி அவ்வளவு பெரியதாக இருப்பதால் நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை. திரைச்சீலை நண்பரின் சிக்கல் சாவு இல்லை, பாணி. ஒன்றரை மணி நேரம் வீட்டுக்கூடத்தில் பேசுவதுபோல் பேசிவிட்டுக் கடைசி இரண்டு நிமிடம் புராணச் சாவு சாகச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

வலிகாமம் எழுதியது:

இந்த இழையில் இன்னும் யாரும் அரிச்சந்திரனைச் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு நாடகத்தில் சாவு என்றால் மயான காண்டம்தான். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயரைச் சொன்னாலே எங்கள் பெரியவர்களுக்கு அந்தச் சுடலைக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். காங்கேசன்துறைக்காரர், 1989இல் காலமானார். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய அந்த நாடகம் நடந்த காலம் ஒன்று இருந்தது.

அதில் பாருங்கள், பாம்பு தீண்டி இறந்த லோகிதாசன் பெரும்பாலும் ஒரு துணி மூட்டைதான். சந்திரமதியின் கையில் சின்னப் பொதி. பிள்ளை மூச்சு விடுகிறானா என்ற பேச்சே இல்லை. காட்சி முழுவதும் கூலிக் கணக்கில் நிற்கிறது. கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கொடுத்தால்தான் பிணம் எரியும் என்கிறான் சுடலை காக்கும் அரிச்சந்திரன். அவளிடம் எதுவும் இல்லை. தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் எசமானின் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். சனம் அழுவது அந்தக் கால் பணத்துக்குத்தான். பிள்ளை செத்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் அப்படி அழுவதில்லை.

கட்டியங்காரன் எழுதியது:

வலிகாமம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சுடுகாட்டு முகப்பில் அரிச்சந்திரன் கோயில் என்று ஒரு கல்லோ சிறு மாடமோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்து, வெட்டியான் அரிச்சந்திரன் பேரில் பாட்டுச் சொல்லி, அனுமதி கேட்ட பிறகுதான் உள்ளே தூக்குவார்கள். நாடகத்திலிருந்து சுடுகாட்டுக்குப் போனதா, சுடுகாட்டிலிருந்து நாடகத்துக்கு வந்ததா என்று எனக்குத் தெரிந்து யாரும் கவலைப்பட்டதில்லை. நிஜப் பிணமும் அரிச்சந்திரனைத் தாண்டித்தான் போகிறது. சடங்கு வேறு, நாடகம் வேறு என்று சொன்ன சுரைக்காய் ஐயாவுக்கு இதை அன்போடு சமர்ப்பிக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் நாடகம் அதிகம் பார்த்தவள் அல்ல. நோய் முற்றியவர்களைக் கவனிக்கும் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். உங்கள் நடிகர் எப்படிச் சாகிறார் என்று கேட்கலாமா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசி, தலை சட்டென்று ஒரு பக்கம் சாய்வதா?

நான் பார்த்த சாவுகளில் தலை அப்படிச் சாய்ந்ததில்லை. நோயில் படுத்தவர்களுக்கு மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஒரு மூச்சு, பிறகு நீண்ட அமைதி. முடிந்துவிட்டது என்று மகள் அழத் தொடங்குவாள். மறுபடி ஒரு மூச்சு வரும். அழுகை நின்றுவிடும், சிலசமயம் வெட்கத்தோடு. கடைசி மூச்சு எது என்று அது வந்தபோது யாருக்கும் தெரியாது. அடுத்தது வராதபோதுதான் தெரியும். அந்த நேரத்தில் அறையில் யாரும் சாகிறவரை மட்டும் பார்ப்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "ஆயிற்றா?" என்று கண்ணாலேயே கேட்பார்கள். நாங்களும் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்போம்.

போர்க்களச் சாவு வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும், உங்கள் மேடையில் கர்ணனைச் சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

திரைச்சீலை எழுதியது:

சகோதரி, இந்தக் கேள்வியை இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. சுற்றி நிற்பவர்கள் சிலைபோல் உறைந்து நிற்கிறார்கள். அது கலைநயம் என்று நினைத்து நாங்களே வைத்தது. சல்லியன் மேடையை விட்டுப் போய்விடுகிறான். அருச்சுனன் வில்லைத் தாழ்த்தி நிற்கிறான், அவ்வளவுதான். குந்தி எங்கள் நாடகத்தில் இல்லை.

கட்டியங்காரன் எழுதியது:

குந்தி இல்லாத கர்ணன் சாவா!

சத்தமில்லாதவன் எழுதியது:

எல்லோரும் நடிக்கப்பட்ட சாவைப் பற்றியே பேசுகிறோம். நாடகத்துக்குள் நிஜமாகவே சாவு நுழைந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1989 சனவரி 1. தில்லிக்கு அருகே சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் ஜன நாட்டிய மஞ்ச் குழு தொழிலாளர்கள் நடுவே "ஹல்லா போல்" தெருநாடகம் போட்டுக்கொண்டிருந்தது. நகராட்சித் தேர்தல் நேரம். அரசியல் குண்டர்கள் நடுவில் புகுந்து தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். தலையில் படுகாயம் அடைந்த, குழுவை நடத்திவந்த சப்தர் ஹஷ்மி மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 34. சனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீ அதே குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப்போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார். கணவர் இறந்து இரண்டு நாள்.

அந்த நாடகத்தில் வசனம் மாறவில்லை. அதில் நகைச்சுவை நிறைய உண்டு. பார்த்தவர்கள் சிரித்தார்களா என்றுகூட எனக்கு யோசனை வரும். சிரித்திருந்தால் அது சாவுக்கு அவமானம் என்று நான் நினைக்கமாட்டேன்.

மண்பொம்மை எழுதியது:

சிரிப்பு என்றதும் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் நினைவுக்கு வருகிறார். 1673 பிப்ரவரி 17, பாரிஸ். நோய் இல்லாமலே நோயாளி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிய அவருடைய நகைச்சுவை நாடகத்தின் நான்காவது காட்சி நாள். நோயாளியாக நடித்தவர் அவரே. நிஜத்தில் கடும் நோயாளியும் அவரே. கடைசிக் காட்சியில் வலிப்பு வந்தது. அதை ஒரு சிரிப்பால் மறைத்து ஒப்பேற்றினார் என்பார்கள். வீட்டுக்குத் தூக்கிப்போன சில மணி நேரத்தில் இறந்தார். அவர் உட்கார்ந்து நடித்த நாற்காலியைக் கோமெதி பிரான்சேஸ் அரங்கத்தார் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய கதை. நடிகன் சாகும்முன் தன் தொழிலைத் துறந்ததாகச் சொல்லாவிட்டால் கிறிஸ்தவ அடக்கம் இல்லை என்பது அந்தக் காலத்துத் திருச்சபையின் விதி. மொலியேருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மனைவி அர்மாந்து பேராயரிடமும் அரசர் பதினான்காம் லூயியிடமும் மன்றாடினார். கடைசியில் ஆடம்பரம் இல்லாமல் இரவில் புதைக்க அனுமதி கிடைத்தது. ஊரே சிரித்துக் கொண்டாடிய ஆளுக்குக் குழி மட்டும் இருட்டில்.

கட்டியங்காரன் எழுதியது:

பிரான்சு வரைக்கும் போகவேண்டாம். சாவு வீட்டில் வேஷம் கட்டி, போனவரை மோட்சத்துக்கு அனுப்பி வைப்பவனுக்குக் காலையில் தனிக் குவளையில் காபி வந்த ஊர்கள் எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். இப்போது அப்படி இல்லை என்றும் ஒத்துக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

ஊர்ப்பெயர், சாதிப்பெயர் வேண்டாம் என்பதைக் கடைப்பிடித்ததற்கு நன்றி. தொடருங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நான் கோடு கிழித்ததை எல்லோரும் அழித்துக்கொண்டே வருகிறீர்கள். சரி, நானே ஒரு கை அழிக்கிறேன். ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் என்ற மலைக்கிராமம். 1633இல் கொள்ளைநோய் ஊரை அரித்தது. நோய் நீங்கினால் பத்தாண்டுக்கு ஒருமுறை இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். 1634இல் முதல்முறை நடித்தபோது மேடை போட்ட இடம் கல்லறைத் தோட்டம், நோயில் செத்தவர்களைப் புதைத்த மண்ணின்மேல். அந்த வேண்டுதல் இன்றுவரை தொடர்கிறது. 2020இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. கொள்ளைநோயால் தொடங்கிய நாடகத்தைக் கொள்ளைநோயே நிறுத்தி வைத்தது.

ஜப்பானின் பழைய நாடக வடிவமான நோவையும் சொல்ல வேண்டும். நாடகாசிரியர் செயாமி பதினைந்தாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த வகை ஒன்றில் கதாநாயகனே ஆவி. வழிப்போக்கத் துறவி ஒருவர் பழைய போர்க்களத்துக்கு வருகிறார். ஊர்க்காரன் ஒருவனைச் சந்திக்கிறார். பிற்பாதியில் அவன் தன் உண்மை உருவில், செத்துப்போன வீரனாகத் திரும்பி வருகிறான். தான் செத்த கதையைத் தானே ஆடிக் காட்டுகிறான். "அத்சுமோரி"யில் அந்தத் துறவி வேறு யாருமல்ல, முன்பு அவனைக் கொன்ற குமகாய்தான். கொன்றவன் செபிக்கிறான், செத்தவன் ஆடுகிறான். முடிவில் ஆவி கேட்பது பழி அல்ல, எனக்காகப் பிரார்த்தனை செய் என்பதுதான்.

அண்ணன் சொன்ன கர்ண மோட்சமும் இதுவும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஊர்களில் பிறந்தவை. இரண்டிலும் சாவு ஒரு கண நேரத்து நிகழ்ச்சியாக இல்லை. செத்தவனுக்கோ சாகிறவனுக்கோ பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. மேடை அந்தப் பாக்கியைத் தீர்க்க இடம் கொடுக்கிறது. உங்கள் இரண்டு நிமிடக் கர்ணனுக்குப் பேச எதுவுமே மிச்சமில்லை போலிருக்கிறது, நண்பரே. அதனால்தான் எல்லோரும் வயிற்றைப் பார்க்கிறார்கள்.

சத்தமில்லாதவன் எழுதியது:

அழகாக இருக்கிறது. ஆனால் சாகிறவனுக்கெல்லாம் பேச நேரம் கொடுப்பது பொய்யும்கூட. ராம் பகதூருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? பெரும்பாலானவர்கள் பாதி வாக்கியத்தில் போகிறார்கள். எல்லாச் சாவையும் நிறைவாக்கிக் காட்டும் கூத்து, சாவு வீட்டாருக்கு ஆறுதல். எனக்கு அது சில நேரம் கோபத்தைத் தணிக்கும் மருந்துபோல் படுகிறது. கர்ணன் சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். மோட்சம் கிடைத்ததே என்று கூட்டம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறது.

கட்டியங்காரன் எழுதியது:

தோழர், நீங்கள் கர்ண மோட்சத்தை முழுதாகப் பார்த்திருந்தால் இப்படி எழுதமாட்டீர்கள். கண்ணன் அந்தக் கூத்தில் எவ்வளவு திட்டு வாங்குகிறான் தெரியுமா? குந்தி மகனை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரி சொல்லும்போது மோட்சம் கிடைத்ததே என்று மகிழ்வதில்லை. பெற்றதும் ஆற்றில் விட்டேனே, பிழைத்திருந்தபோது சொல்லாமல் விட்டேனே என்றுதான் அழுகிறாள். பாயில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அங்கே நிம்மதி வராது. மோட்சம் என்பது பெயரில் இருக்கிறது.

இன்னொன்று. சாவு வீட்டுக் கூத்து வேறு, திரௌபதி அம்மன் கோயில் படுகளம் வேறு. பாரதத் திருவிழாவின் கடைசியில் துரியோதனனை மண்ணால் செய்து தரையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். ஆளைப்போல் பல மடங்கு நீளம். வண்ணம் பூசி, கண் திறந்திருக்கும். துரியோதன வேஷக்காரரும் பீம வேஷக்காரரும் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். பட்டப்பகல், வெயில். கடைசியில் பீமன் கதாயுதத்தால் அடிப்பது மண் தொடையை. உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் வெளியே வரும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒரு பக்கம். மாலையில் தீமிதி.

துரியோதனன் கட்டியவர் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். வேர்வை ஒழுக நின்றுகொண்டிருக்கிறார். செத்தது மண். அதனால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. பிணம்போல் யாரும் பாசாங்கு செய்யவில்லையே.

மண்பொம்மை எழுதியது:

கட்டியங்காரன் ஐயா, இதைத்தான் ததேயுஷ் காந்தோர் என்ற போலந்துக்காரர் வேறு பாதையில் வந்து தொட்டார். 1975இல் கிராக்கோவில் அவர் அரங்கேற்றிய "இறந்த வகுப்பு" நாடகத்தில், கிழவர்களும் கிழவிகளும் பள்ளிக்கூட பெஞ்சுகளில் வந்து உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பொம்மை. சிறுவனாக, சிறுமியாக இருந்த தாங்களே அந்தப் பொம்மை. இறந்துபோன பிள்ளைப் பருவத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். காந்தோர் தானும் மேடையிலேயே கறுப்பு உடையில் நின்று, கையசைத்து நடிகர்களை ஓட்டிக்கொண்டிருப்பார். உயிருள்ள நடிகன் சாவைக் காட்ட முடியாது, உயிரற்ற பொருள் பக்கத்தில் இருந்தால்தான் முடியும் என்பது அவர் கட்சி.

1990 திசம்பரில் ஒரு நாடகத்தின் ஒத்திகைக் காலத்திலேயே அவர் இறந்துவிட்டார். குழு அதை அவர் இல்லாமலே நடத்தியது. அவருடைய நாற்காலி மேடையில் காலியாக இருந்தது.

நாஞ்சில் கரை எழுதியது:

இங்கே இன்னொரு கதையும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்தபோது பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதன்பிறகு வேஷம் கட்டுவதையே அவர் விட்டுவிட்டு எழுத்திலும் வாத்தியார் வேலையிலும் இறங்கினார் என்றும் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, எவ்வளவு பெருமைப் பேச்சோ. ஆனால் நாடகக்காரர்கள் இந்தக் கதையை விடாமல் சொல்லிவருவதற்குக் காரணம் இருக்கிறது. சாவாக வேஷம் கட்டுவது வெறும் பூச்சு அல்ல, அதற்கு வீச்சு உண்டு என்ற நம்பிக்கை. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாடகத்தில் நரசிம்மர் முகமூடியைப் பூசையில் வைப்பதும், அதை அணிபவர் விரதம் இருப்பதும், இரணியன்மேல் பாய்கிறபோது அவரைப் பலர் சேர்ந்து பிடித்து நிறுத்துவதும் அந்த நம்பிக்கைதான்.

இரவுப்பணி எழுதியது:

பிடித்து நிறுத்துபவர்கள் பார்வையாளருக்குத் தெரிவார்களா?

நாஞ்சில் கரை எழுதியது:

நன்றாகத் தெரிவார்கள். மறைக்க முயல்வதே இல்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறது. பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது என்றால் விஷயம் பெரியது என்று பொருள்.

வலிகாமம் எழுதியது:

தங்கை கேட்டது சரியான கேள்வி. மயான காண்டத்தில் சந்திரமதி, படுகளத்தில் ஒப்பாரிப் பெண்கள், நோவில் துறவி, மெலட்டூரில் பிடிக்கிறவர்கள். எல்லா இடத்திலும் சாவின் பாரத்தைத் தாங்குவது வேறு ஆள். எங்கள் ஊரில் நாடகம் பழக்கிய வாத்தியார் ஒருவர் பிணமாகக் கிடப்பவனுக்கு ஒத்திகையே வைக்கமாட்டார். வந்து படு என்பார், அவ்வளவுதான். அழுகிறவளுக்கு மாதக்கணக்கில் பழக்குவார்.

திரைச்சீலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் இரண்டு மாற்றம் செய்தோம். அம்பு பாய்ந்ததும் நடிகர் விழாமல், தன் கவசத்தையும் கிரீடத்தையும் கழற்றித் தேர்ச்சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றபடியே பேசுகிறார். சாகிற கர்ணன் அந்தக் கிரீடம்; பேசுகிற கர்ணன் இவர். குந்தி வந்து மடியில் எடுத்துக்கொள்வதும் கிரீடத்தைத்தான். ஆம், குந்தியைச் சேர்த்துவிட்டோம். நடிக்க ஒருவரும் கிடைத்தார். சல்லியன் மேடையை விட்டுப் போகாமல் அங்கேயே நின்று, சகோதரி சொன்னதுபோல் அருச்சுனன் முகத்தைப் பார்க்கிறான். அருச்சுனனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இது நாங்கள் சொல்லிக் கொடுத்தது அல்ல, தானாக வந்தது.

இரண்டு நிமிடம் பதினான்கு நிமிடம் ஆகியிருக்கிறது. சிரிப்பு வரவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எங்கள் குழுவினரே என்பதால் இன்னும் எதுவும் சொல்ல முடியாது.

சத்தமில்லாதவன் எழுதியது:

கிரீடம் நல்ல யோசனை. கண்ணனை மட்டும் தப்ப விட்டுவிடாதீர்கள். சாகிறவனிடம் தானம் கேட்டுப் பறித்தவன் அந்தப் பதினான்கு நிமிடமும் பார்வையாளர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டியங்காரன் எழுதியது:

பதினான்கு நிமிடம் பரவாயில்லை, தேறிவிடுவீர்கள். கிரீடம் அட்டையா, கட்டையா? அட்டை என்றால் குந்தியின் மடியில் கனம் தெரியாது. மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தது வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் ஜமாவில் பழையது ஒன்று இருக்கிறது, திருப்பித் தருவதாக இருந்தால் கொடுக்கலாம். மத்தளம் நேரடியா, பதிவு செய்த இசையா? பதிவு இசை என்றால் முதல் காட்சிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.